நாத்தனார் இளைத்த கதை

அடக்கம் முடிந்து வந்த ஆட்கள் இன்னும் கலையவில்லை. அதற்குள் நாத்தனார் சமையலறை மேடையோரம் நின்றுகொண்டு, பக்கத்து வீட்டிலிருந்து வந்த சோற்றை வாரி வாரிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

தையல்காரி கதவோரம் நின்று பார்த்தாள். செத்தது இவள் புருஷன். சாப்பிடுகிறவள் அவனுடைய கூடப்பிறந்த தங்கை.

நாலு மாதமாகச் சோற்றுப் பானைப் பக்கமே திரும்பாதவளுக்கு, இன்றைக்கா பசிக்க வேண்டும்?

நாத்தனாருக்கு பேக்கரியில் ரொட்டி வெட்டித் தரும் வேலை. சின்ன வயதிலிருந்தே பூசின உடம்பு. அண்ணன் கூப்பிடுவதே 'உருண்டை' என்றுதான். அடிக்கடி டயட் என்று ஆரம்பிப்பாள். இரண்டு நாள் போகும். அப்புறம் பன்னும் கையுமாக அகப்படுவாள். வீட்டில் அது ஒரு தமாஷ்.

லாரி ஓட்டிக்கொண்டிருந்த அண்ணனுக்குக் கண் மஞ்சளாகி, வயிறு ஊதி, ஈரல் கெட்டுவிட்டது என்று தெரிந்தபோதுதான் தமாஷெல்லாம் நின்றது.

"சொந்தத்துல யாராவது ஈரல்ல ஒரு பகுதி கொடுத்தாப் போதும். கொடுத்தவங்களுக்கு அது மறுபடி வளர்ந்துடும்," என்றார் டாக்டர்.

தையல்காரிதான் முதலில் ஓடினாள். ரத்தம் ஒத்துப்போகவில்லை. அவனுடைய தம்பி, யோசித்துச் சொல்கிறேன் என்று போனவன், அப்புறம் போனையே எடுக்கவில்லை. நாத்தனார் மட்டும் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தாள்.

"எடுக்க முடியாதுன்னுட்டாங்க அண்ணி."

"ஏனாம்?"

"என்னென்னவோ சொன்னாங்க. முடியாதாம்."

அவ்வளவுதான். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பயந்துவிட்டாள் என்று தையல்காரி முடிவு கட்டிவிட்டாள்.

அந்த வாரமே நாத்தனார் சோற்றை நிறுத்தினாள். ரொட்டி, உருளைக்கிழங்கு, சர்க்கரை எல்லாம் நின்றது. முட்டையும் கீரையும் மீனும்தான். நாள் முழுக்க ரொட்டி வாசனையில் நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தலை சுற்றி ஒருநாள் ரொட்டித் தட்டோடு சரிந்தாள். அப்படியும் விடவில்லை.

"இந்த நேரத்துலயா இதெல்லாம்?" என்று கேட்டாள் தையல்காரி.

"இப்ப விட்டா எப்பவும் முடியாது அண்ணி."

படுக்கையில் கிடந்த அண்ணனுக்கு அதுவும் வேடிக்கைதான். "என்ன உருண்டை, மாப்பிள்ளை அமைஞ்சுடுச்சா?"

"ஆமான்னே வெச்சுக்கோண்ணா."

அவன் சிரித்தான். தையல்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பதைத் தொடப்போகிறவளுக்குத் திடீரென்று என்ன அழகு வேண்டிக்கிடக்கிறது?

ஒருநாள் நாத்தனார் தன் வேலைச் சட்டைகளைக் கொண்டுவந்து தையல் மிஷின் மேல் வைத்தாள்.

"தொளதொளன்னு தொங்குது அண்ணி. மானேஜர் திட்டுறார். ரெண்டு பக்கமும் கொஞ்சம் பிடிச்சுக் கொடுங்களேன்."

தையல்காரி வாயில் வைத்திருந்த குண்டூசியை எடுத்தாள்.

"உள்ள ஒருத்தர் நாளுக்கு நாள் ஊதிக்கிட்டே போறார். நீ இங்க இடுப்பு பிடிக்கச் சொல்லி நிக்கிற. ஈரல் கொடுக்கத்தான் மனசில்ல. வெட்கம்கூடவா இல்லாமப் போச்சு?"

தையல்காரி தைத்துக் கொடுத்தாள், வேண்டுமென்றே ஒரு பக்கம் கோணலாக. நாத்தனார் அதையே போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள்.

நேற்றுக் காலையில் அவன் ரத்தமாக வாந்தி எடுத்தான். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

இன்று துக்கம் கேட்க வந்தவர்களில் ஒருத்தி, "தங்கச்சிதான் நல்லா இளைச்சு அழகாயிட்டா," என்று சாவு வீடென்றும் பாராமல் சொல்லிவிட்டுப் போனாள். அது இன்னும் தையல்காரியின் காதுக்குள் நின்றது.

அவள் சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"பசி வந்துடுச்சு போல?"

நாத்தனார் நிமிர்ந்தாள். கன்னமெல்லாம் கண்ணீர். வாய் நிறையச் சோறு. மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நின்றாள்.

"அண்ணன் போனதும் டயட் முடிஞ்சுதா?"

தண்ணீர் குடித்து, ஒருவழியாக விழுங்கினாள்.

"முடிஞ்சுது அண்ணி."

"அதான் கேக்கறேன். அவர் சாகக் கிடந்தப்பக்கூட யாருக்காக உடம்பைக் குறைச்ச? இப்ப அவரைக் கொண்டுபோய் வெச்சுட்டு வந்த கையோட எப்படி உனக்குச் சோறு இறங்குது?"

நாத்தனார் தட்டை மேடையில் வைத்தாள். கையில் ஒட்டியிருந்த பருக்கைகளை ஒவ்வொன்றாக உதிர்த்தாள்.

"எத்தனை தடவை ஆரம்பிச்சு பாதியில விட்டவ நான். சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா? அண்ணன் நம்பியிருக்கும். நம்பின பிறகு நான் விட்டுட்டேன்னா, அதைத் தாங்கியிருக்குமா? குறைஞ்சப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன்."

"என்னத்தைச் சொல்லல?"

"என் ஈரல்ல கொழுப்பு படிஞ்சிருக்காம். இப்படியே எடுத்தா ரெண்டு பேருக்கும் ஆபத்தாம். பன்னிரண்டு கிலோ இறக்கிட்டு வா, எடுத்து உங்க அண்ணனுக்கு வெச்சுடலாம்னாங்க."

"எவ்வளவு இறக்கியிருந்த?" என்றாள் தையல்காரி.

"இன்னும் மூணு கிலோதான் அண்ணி இருந்துச்சு."