மூக்கு யார் சாயல்

மூக்கைக் கொடுத்தாகிவிட்டது. அடுத்து எதைக் கொடுப்பது என்று யோசித்தாள்.

மருத்துவமனை நடைவழியில் மூன்று நாற்காலிகள். இந்தப் பக்கம் அவள். அந்தப் பக்கம் நாத்தனார் செண்பகவடிவு. நடுவில் மகளின் கைப்பை. மகள் கோமு டாக்டரம்மா அறைக்குள் போய்ப் பத்து நிமிடமாகிறது.

"மைனி, கோமு உங்களை அப்படியே உரிச்சு வச்சிருக்கா."

இந்த ஒரு வார்த்தைக்காக நாத்தனார் இருபத்தேழு வருஷம் காத்திருந்தாள்.

பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் தொட்டிலுக்கு மேலே ஆரம்பித்த சண்டை அது. எங்கள் வீட்டு மூக்கு என்றாள் நாத்தனார். கண்ணைத் துடைத்துவிட்டுப் பாருங்கள் என்றாள் இவள். அப்புறம் காதுகுத்தில், சடங்கில், போன வருஷ நிச்சயதார்த்தத்தில்கூட அந்த மூக்கு வந்து போனது.

போன மாதம் எல்லாம் மாறிவிட்டது.

அவள் மார்பில் வந்த புற்றுநோய் பரம்பரையாக வந்தது என்று சோதனையில் தெரிந்தது. டாக்டரம்மா ஒரு தாளில் குடும்பத்தை வரைந்தார். பெண்களுக்கு வட்டம், ஆண்களுக்குக் கட்டம். அவள் அம்மாவின் வட்டத்தைக் கறுப்பாக்கினார். சித்தியின் வட்டத்தையும். பிறகு அவளுடையதை.

கோமுவின் வட்டத்தைத் தொடவில்லை. பாதிக்குப் பாதி வாய்ப்பு, ரத்தம் கொடுத்தால் தெரியும், இவளுக்கும் வந்திருந்தால் இதில் ஒரு புள்ளி வைப்பேன் என்றார்.

தன் நோய்க்குக்கூட அவள் இப்படிப் பயந்ததில்லை.

பிள்ளை அப்பா வீட்டுச் சாயல் என்று அங்கேயே சாதித்தாள். மூக்கைப் பாருங்கள் என்றாள். சாயலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். டாக்டரம்மாவுக்குச் சின்ன வயசு, பிள்ளை பெற்றால்தானே தெரியும் என்று அவள் விட்டுவிட்டாள். கோமு ரத்தம் கொடுத்தாள்; முடிவு இன்றைக்கு.

அன்றிலிருந்து தானதர்மம்தான். நெற்றி, காது, கால் சுண்டுவிரல், முன்கோபம், எல்லாம் நாத்தனார் பக்கம் போயிற்று. முடியையும் கொடுத்தாள். கோமுவின் பின்னல் இடுப்பைத் தாண்டும். அது தன் முடி என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தவள்தான். மருந்தில் முடி கொட்டிய அவள் தலையில் இப்போது ஒரு பருத்தித் துணி கட்டியிருந்தது.

"சிரிப்புகூட உங்க சிரிப்புதாம் மைனி."

நாத்தனார் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

ஆனாலும் நாத்தனார் மறுக்கவில்லை. எங்க அம்மையும் அப்படித்தான் சிரிப்பாள் என்று கணீரென்று சொன்னாள், கதவுக்கு உள்ளே கேட்கட்டும் என்பதுபோல. ஜெயித்த முகமாகவும் இல்லை. முந்தானை நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

கதவு திறந்தது.

கோமு வந்தாள். கைப்பையை எடுத்துவிட்டு நடுவில் உட்கார்ந்தாள். குடும்பம் வரைந்த அந்தத் தாளை அம்மாவின் மடியில் விரித்தாள்.

அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. வட்டம் தெரியும்.

கோமுவின் வட்டத்தை விரலால் தடவினாள். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். மறுபடி வட்டத்துக்கு வந்தாள். எங்கேயும் புள்ளி இல்லை.

மகளின் முகத்தை ஆசைதீரப் பார்த்தாள்.

"மூக்கு என் மூக்குதாம் மைனி."

நாத்தனார் முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். கொடுத்ததைத் திரும்பக் கேட்கிறது எந்த வீட்டுப் பழக்கம் என்றாள். மூக்கு, காது, சுண்டுவிரல், எதையும் தருவதாக இல்லை என்றாள். பிறகு அந்தத் தலைத்துணியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏளா, முடியை வேணும்னா வச்சுக்கோ. இப்பம் அது உனக்குத்தாம் வேணும்."

தலைத்துணி நழுவுகிற அளவுக்கு அவள் சிரித்தாள். கோமுவும் சிரித்தாள்.

மருந்து வண்டியைத் தள்ளி வந்த நர்ஸ் வளைவுக்கு அந்தப் பக்கமே நின்றாள். சிரிப்பது ஒருத்தியா, இரண்டு பேரா என்று தெரியாமல் எட்டிப் பார்த்தாள்.