தூங்குமூஞ்சி மருமகள்

“இவளை எழுப்பணும்னா டிராக்டர்ல கயிறு கட்டித்தான் இழுக்கணும், டாக்டரம்மா” என்றாள் சபோஹத், நாற்காலியில் உட்காரும் முன்பே.

பக்கத்தில் மருமகள் ஒய்தின் தலையைக் குனிந்தபடி நின்றாள். வெளியே உஸ்பெகிஸ்தானின் கோகந்த் நகரமே ஜூலை வெயிலில் வெந்துகொண்டிருந்தது. அவள் மட்டும் கம்பளிச் சட்டை போட்டிருந்தாள்.

“பாருங்க கோலத்தை. அடுப்புப் பக்கத்துல உட்கார்ந்தாலும் குளிருதாம். கல்யாணத்தப்போ கொடி மாதிரி இருந்தா. இப்ப மூஞ்சி தந்தூர்ல வெந்த ரொட்டியாட்டம் உப்பிக் கிடக்கு. புலாவுல ஒண்ணு, உப்பை ரெண்டு தடவ கொட்டுறா, இல்ல போடவே மறந்துடுறா.”

டாக்டர் மவ்லுதாவுக்கு இந்த மாமியாரைப் பிடிக்கவில்லை. ரத்தம் எடுக்க வந்த அன்றும் இதே பாட்டுத்தான்.

“அக்கா, நீங்க கொஞ்சம் வெளியே இருங்க. முடிவு வந்திருக்கு. இவங்ககிட்டத் தனியாப் பேசணும்.”

“இவகிட்டச் சொன்னா வீடு போறதுக்குள்ள மறந்துடுவா. என்கிட்டயும் சொல்லுங்க.”

“அத்தையும் இருக்கட்டும் டாக்டர்” என்றாள் ஒய்தின். குரல் கரகரத்தது.

பயந்துபோய்ச் சொல்கிறாள் என்று மவ்லுதா நினைத்துக்கொண்டாள். நோய்க்காரி என்று தெரிந்ததும் பெட்டியோடு பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட மருமகள்களை அவள் பார்த்திருக்கிறாள். அந்தக் கணக்கில் இவளும் சேர்ந்துவிடக் கூடாதே.

“இது சோம்பல் இல்லை, அக்கா.” டாக்டர் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். “இங்க தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்கு. அது ஹார்மோனைச் சுரந்து ரத்தத்துல அனுப்பும். இதயம் எவ்வளவு வேகமாத் துடிக்கணும், தின்ன சோறு எவ்வளவு வேகமாச் சூடா மாறணும்னு உடம்புக்குச் சொல்றது அதுதான். இவங்களுக்கு அது ரொம்பக் குறைஞ்சுபோச்சு. அதான் குளிர், தூக்கம், வீக்கம், மறதி எல்லாம்.”

“ஏன் குறையுது? நான் என்ன, சோறு போடாமலா வச்சிருக்கேன்?”

“சோத்துல குறை இல்லை. நம்ம உடம்புக்குள்ள ஒரு காவல்படை இருக்கு. கிருமி நுழைஞ்சா அடிச்சு விரட்டும். சிலருக்கு அந்தக் காவல்படை ஆள் அடையாளம் தெரியாம, சொந்தச் சுரப்பியையே அடிக்க ஆரம்பிச்சுடும். இவங்க ரத்தத்துல அது தெரியுது.”

“வீட்டு நாயே வீட்டுக்காரியைக் கடிக்குது.”

“அப்படி வச்சுக்கோங்க.”

சபோஹத் சுவரைப் பார்த்தபடி கேட்டாள்: “நான் திட்டித் திட்டி வந்ததா?”

“இல்லை. இது யார் செஞ்ச தப்பும் இல்லை.”

“ஒட்டிக்குமா?”

“ஒட்டாது. தினம் ஒரு மாத்திரை போடணும். சுரப்பி கொடுக்க முடியாததை அது கொடுக்கும். காலையில வெறும் வயித்துல, டீக்கு அரை மணி முன்னாடி.”

“டீக்கு முன்னாடியா?” சபோஹத் நோயைவிட இதற்குத்தான் அதிகம் அதிர்ந்தாள்.

“ஆமா. அநேகமா ஆயுசு முழுக்க. அப்பப்ப ரத்தம் பார்த்து அளவைச் சரி பண்ணிக்கலாம். சில வாரத்துல தெம்பு வர ஆரம்பிச்சுடும்.”

ஒய்தின் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். “அப்ப நான் சோம்பேறி இல்லையா, டாக்டர்?”

“இல்லம்மா.”

அவள் கம்பளிச் சட்டையின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைக்கத் துடைக்க வழிந்தது.

சபோஹத் அழவில்லை. எழுந்து போய் அறைக் கதவை விரியத் திறந்தாள். வெளியே பெஞ்சில் அவள் தெருப் பெண்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவள் அடுத்த வீட்டு மஸ்துரா. அந்தத் தெருவின் செய்திகள் எல்லாம் அவள் வாயிலிருந்துதான் புறப்படும்.

“ரத்த அழுத்தம் பார்த்துக்கலாம் வாங்கன்னு நான்தான் இவங்களைக் கூட்டிட்டு வந்தேன்” என்றாள் சபோஹத். “இப்பச் சொன்னதை இன்னொரு தடவ சொல்லுங்க, டாக்டரம்மா. கொஞ்சம் சத்தமா.”

மவ்லுதா விருட்டென்று எழுந்து கதவைச் சாத்தினாள்.

“நோயாளி விஷயத்தை ஊருக்குச் சொல்றது என் வேலை இல்லை. இந்தப் பொண்ணைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பத் தீர்மானம் பண்ணிட்டீங்கன்னா, அந்தப் பாவத்துக்கு என்னைச் சாட்சி வைக்காதீங்க.”

“அனுப்பறதா? எங்க அனுப்பறது?” சபோஹத் விழித்தாள்.

“அத்தை கேக்கறபடி சொல்லுங்க டாக்டர்” என்றாள் ஒய்தின். “ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டுத்தான் வந்தோம். எனக்குச் சம்மதம்தான்.”

மவ்லுதாவுக்கு ஒன்றும் புரியவில்லை. “எதுக்கும்மா?”

ஒய்தின் மாமியாரைப் பார்த்தாள். சபோஹத் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நாற்காலியில் சாய்ந்தாள். குரலையும் தாழ்த்திக்கொண்டாள்.

“எங்க தெருவுல மருமகளைக் காதாலதான் எடை போடுவாங்க, டாக்டரம்மா. விடியறதுக்கு முன்னாடி வாசல்ல துடைப்பச் சத்தம் கேக்கணும். கேக்கலைன்னா, மத்தியானத்துக்குள்ள சம்பந்தி வீடு வரைக்கும் சேதி போயிடும். போன குளிர்காலத்துல பனி விழுந்த நாள்லேருந்து இவளால எந்திரிக்க முடியல.”

“அப்ப இத்தனை நாள் பெருக்கினது யாரு?”

“மஸ்துரா மதில் மேல எட்டிப் பார்த்து, ‘உன் மருமக தங்கம்’னு தினமும் சொல்றா. ‘ஒட்டாது, யார் தப்பும் இல்ல, மாத்திரையில சரியாயிடும்’னு நீங்க ஒரு வார்த்தை சத்தமாச் சொல்லிடுங்க, நாளையிலேருந்து நான் இவ முக்காட்டைப் போட்டுக்கிட்டு இருட்டுல பெருக்க வேண்டாம், என் முக்காட்டோட வெளிச்சத்துலயே பெருக்கிக்குவேன்.”