வாசற்கல்

பேரரசருக்காகக் கட்டிய கல்லறையின் கற்களை மனிதர்கள் தூக்கி இறக்க முடியாது. மணல் நிரப்பிய குழியின் மேல் கல்லை நிறுத்திவிட்டு, அடித்துளையின் அடைப்பைப் பிடுங்குவார்கள். மணல் வழிய வழியக் கல் சத்தமில்லாமல் இறங்கும். கூரைக்கல்லை அப்படி இறக்கிய நாளில் கூலிக்காரி எயினியின் மகன் அதனடியில் நின்று மணலை வாரிக்கொண்டிருந்தான்.

"அவன் வெளிய வந்துரட்டும் சாமி" என்று எயினி பேரரசரின் காலில் விழுந்தாள்.

குடைநிழலில் இருந்த பேரரசர் வானத்தைப் பார்த்தார். "நல்ல நேரம் போகுது. இறக்கு."

மகன் வெளியே வரவில்லை. எயினியும் ஊருக்குத் திரும்பவில்லை. மகன் வாரிப்போட்ட அதே மணலைச் சுமந்து வாசலை மூடப்போகும் வாசற்கல்லின் குழியை நிரப்பினாள்.

இன்று பேரரசர் வந்திருக்கிறார். முடிந்த கல்லறையில் அரசர் உயிரோடு ஒருமுறை படுத்து எழுந்தால் ஆயுள் கூடும் என்பது அந்த நாட்டு வழக்கம். அதை யாரும் பார்க்கக் கூடாது. அமைச்சர்களும் காவலர்களும் முதுகைக் காட்டிக் கண்ணை மூடிக்கொண்டார்கள். பேரரசர் உள்ளே போனார். மேளம் காதைப் பிளந்தது. எயினி குழியருகே குனிந்து அடைப்பைப் பிடுங்கினாள்.

கல் பாதி வாசலை மறைத்தபோது உள்ளிருந்து குரல் வந்தது. அவளுக்கு மட்டும்தான் அது கேட்டது.

"யாரது? நிறுத்து! நான் வெளிய வரணும்!"

மணல் அவள் பாதங்களை மூடியிருந்தது. அவள் அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள்.

"நல்ல நேரம் போகுதுங்க சாமி."