ஐம்பத்தெட்டு கிலோ

"ஊர்ல இருக்கிற எல்லா ஜிம்லயும் எடை ஏறும் மாஸ்டர். நம்ம ஜிம்ல மட்டும்தான் இறங்குது."

முதலாளி நோட்டை மேஜையில் தொப்பென்று போட்டார். யார், எந்தத் தேதியில், எத்தனை கிலோ தூக்கினார் என்று மாஸ்டர் தன் கைப்பட எழுதி வைக்கும் நோட்டு. ஆளுக்கு ஒரு பக்கம். எல்லாப் பக்கத்திலும் எண்கள் ஏறிக்கொண்டே போயின, ஒன்றைத் தவிர.

அது, பக்கத்து நூலகத்தில் வேலை பார்க்கும் லைப்ரரி அம்மாவின் பக்கம்.

முதல் ஐந்து மாதம் நன்றாகத்தான் போயிருந்தது. இருபது கிலோவில் ஆரம்பித்து மடமடவென்று ஐம்பத்தெட்டு. அதற்கப்புறம் ஐம்பத்தைந்து, ஐம்பத்தொன்று, நாற்பத்தேழு. இந்த மாதம் நாற்பத்துநாலு.

"கழுதை தேய்ஞ்சு கட்டெறும்பான கதையால்ல இருக்கு? அம்பத்தெட்டு தூக்கினவங்களுக்கு நாப்பத்துநாலு எதுக்கு?"

"அவங்களுக்கு அது போதும் சார்."

"போதுமா போதாதான்னு யாரு முடிவு பண்றது? நீங்களா, அவங்களா?"

மாஸ்டர் நோட்டை மூடி ஓரமாக வைத்தார். முதலாளிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மாதம் பிறந்தால் போதும், அந்த அம்மா ஒரு சீட்டை மடித்துக் கொண்டுவந்து நீட்டுவார். மாஸ்டர் பிரித்துப் பார்ப்பார். மறுபேச்சு கிடையாது. மூலையில் உட்கார்ந்து, அந்த அம்மா தூக்கும் மணல் மூட்டையை அவிழ்ப்பார், நாலு கை மணலை அள்ளி எடுப்பார், தராசில் வைத்துச் சரிபார்ப்பார். சீட்டைப் பார்த்து எடை போட இதென்ன மளிகைக் கடையா?

பயிற்சியாவது ஒழுங்கா? அதுவும் இல்லை. தாழ்வான பெஞ்சில் மூட்டையை நீளவாக்கில் கிடத்தியிருக்கும். அந்த அம்மா குனிந்து, ரெண்டு கையையும் அடியில் கொடுத்து, நெஞ்சோடு அணைத்துத் தூக்கி, அரை வட்டம் திரும்பி, பக்கத்து நாற்காலியில் வைக்க வேண்டும். பிறகு நாற்காலியிலிருந்து பெஞ்சுக்கு. அவ்வளவுதான். மற்றவர்கள் எல்லாம் இரும்பைத் தரையில் டமார் டமாரென்று போடும் இடத்தில், அவர் மட்டும் மூட்டையைச் சத்தமே வராமல் வைக்க வேண்டும். லேசாகச் சத்தம் வந்தாலும் மாஸ்டர், "மறுபடியும்மா" என்பார்.

"ரெண்டு பேரு என்கிட்டயே கேட்டுட்டாங்க, உங்க மாஸ்டருக்கு வயசாயிடுச்சான்னு. நாளைக்கு நானே அம்பத்தெட்டு வச்சுப் பாக்கறேன். அவங்க தூக்கிட்டாங்கன்னா, நீங்க வேற இடம் பாத்துக்குங்க."

"சரி சார். ஒண்ணே ஒண்ணு. எடையைக் கூட்டியிருக்குன்னு அவங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுங்க."

"அதெல்லாம் எனக்குத் தெரியும்."

பன்னிரண்டு வருஷமாக இருக்கிற மனுஷன். வேலை போகப் போகிறது என்று தெரிந்தும் ஒரு காரணம் சொல்லக் கூடாதா? சரியான கல்லுளிமங்கன் என்று முதலாளி நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை அவரே நேரத்தோடு வந்து மூட்டையை அவிழ்த்தார். மணலை அள்ளி அள்ளிப் போட்டு, தராசில் சரியாக ஐம்பத்தெட்டு காட்டியதும் வாயை இறுக்கிக் கட்டினார். சட்டை நனைந்துவிட்டது. சொன்னால் பயந்துவிடுவார், அந்த அம்மாவிடம் எதுவும் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தார்.

லைப்ரரி அம்மா தன் நேரத்துக்கு வந்தார். கைப்பையை ஓரமாக வைத்தார். மாஸ்டர் எதிர்ச் சுவர்ப் பக்கத்திலிருந்து ரெண்டு அடி எடுத்து வைக்க, அங்கேயே நில்லுங்கள் என்று முதலாளி கையைக் காட்டினார்.

அந்த அம்மா குனிந்து மூட்டைக்கு அடியில் கையைக் கொடுத்தார். தூக்கப் போனவர் அப்படியே நின்றார். கையை உருவிக்கொண்டு, காலை இன்னும் கொஞ்சம் அகட்டி வைத்து, மறுபடி கையைக் கொடுத்தார். மூச்சை இழுத்துப் பிடித்தார். எழுந்துவிட்டார்.

முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. ஜிம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"பாத்தீங்களா மாஸ்டர்? முழுசா அம்பத்தெட்டு. இவங்களைப் போய் நாப்பத்துநாலுல உக்கார வச்சிருக்கீங்களே, இது அடுக்குமா?"

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஆனால் அந்த அம்மா மூட்டையை நாற்காலியில் வைக்கவில்லை. கன்னத்தை அதன்மேல் சாய்த்தபடி நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து சாக்கில் இறங்கியது.

முதலாளி பதறிப்போனார். "என்னம்மா, இடுப்புல பிடிச்சிருச்சா? கீழ வச்சிடுங்க."

"இல்ல சார். இது என் வீட்டுக்காரர் எடை. படுக்கையில விழுந்தப்ப இருந்தது."

யாருடைய கதையையோ சொல்வதுபோலத்தான் சொன்னார்.

"கட்டில்லேர்ந்து நாற்காலிக்கு மாத்த வீட்ல வேற ஆள் இல்ல. அதைக் கத்துக்கத்தான் இங்க வந்தேன். மாசாமாசம் ஆஸ்பத்திரியில எடை பாப்பாங்க. அதைத்தான் எழுதிட்டு வந்து மாஸ்டர்கிட்ட குடுப்பேன்."

முதலாளி மாஸ்டரைப் பார்த்தார்.

"உடம்பு இளைக்க இளைக்க எலும்பு உறுத்தும் சார்," என்றார் மாஸ்டர். "பிடிக்கிற பிடி மாறணும், வைக்கிற பக்குவமும் மாறணும். வெளிய சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டாங்க."

முதலாளி ரெண்டு கையையும் நீட்டிக்கொண்டு கிட்டே போனார்.

"குடுங்கம்மா. நானே பழையபடி குறைச்சு வச்சிடறேன்."

அந்த அம்மா மூட்டையோடு ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

"குறைச்சுக்கலாம் சார். கொஞ்ச நேரம் இப்படியே வச்சிருக்கேனே."