ஐந்தாவது தங்கமீன்

ஐந்தாவது தங்கமீனும் செத்தது. முதல் நான்கையும் குப்பையில் போடச் சொன்ன தணிகாசலம், "மீனுக்கு உத்தரவாதம் இருக்குதாம்" என்று மனைவி பூங்கோதை சொன்னதும், அவளை இழுத்துக்கொண்டு மீன் கடைக்குப் பாய்ந்தான்.

"வேற மீன் குடுய்யா!"

"காரணம் பார்த்துட்டுத் தர்றேன் சார்." கடைக்காரர் செத்த மீனை, சாவின் காரணத்தைக் கண்டு சொல்லும் கருவிக்குள் வைத்தார். கருவி உரக்க வாசித்தது.

"தண்ணீர் சுத்தம். தீனி சரி. நேற்று மாலை ஒரு பெண்ணின் தலை தொட்டிக் கண்ணாடியில் நான்கு முறை இடிக்கப்பட்டது. அதிர்ச்சியில் மீன் இறந்தது."

தணிகாசலம் கருவியை உடைக்கக் கையை ஓங்கினான். கடைக்காரர் அந்தக் கையை முறுக்கி அவனை மேசையோடு அழுத்தினார்.

பூங்கோதை நெற்றியை மூடியிருந்த முந்தானையை விலக்கினாள். பிறகு பையிலிருந்து, ஃப்ரீசரில் பத்திரப்படுத்தியிருந்த நான்கு மீன்களையும் எடுத்து வைத்தாள்.

"இதையும் வாசிக்கச் சொல்லுங்கண்ணே. சத்தமா."