ஒரு விரற்கடை

கம்பளத்தில் விழுந்திருக்கும் மாலை வெயிலில் எவர்சில்வர் டம்ளர் ஒன்று படுத்திருக்கிறது. நாளைய கோல்ஃப் ஆட்டத்துக்கு எந்த மட்டையைக் கொண்டுபோவது என்று அவர் மதியத்திலிருந்து டம்ளரைக் குறிவைத்துப் பந்தை உருட்டிப் பார்க்கிறார். கைப்பிடி தேய்ந்த பழைய மட்டையில் தட்டினால், பந்து ஒரு விரற்கடை இடப்பக்கம் விலகிப்போய்ச் சுவரில் முட்டுகிறது. ஓய்வுபெற்ற அன்று முதலாளி கொடுத்த புதியதிலும் அதே விரற்கடை, அதே சத்தம். துணி மடிக்கும் மனைவி நிமிர்கிறாள். “புதுசையே எடுத்துட்டுப் போங்களேன். இனிமே யாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டாமே.” பன்னிரண்டு வருடம், ஞாயிறு தவறாமல், முதலாளி ஜெயிப்பதற்காக வேண்டுமென்றே குழியைத் தவறவிட்ட கைகளை அவர் திருப்பிப் பார்க்கிறார். மறுபடி தட்டுகிறார். பந்து சுவரில் முட்டுகிறது. “விட்டுக்கொடுக்கல,” என்கிறார். “நேராத்தான் அடிக்கிறேன்.”