மறுபடியும்

மேடையில் எந்த வரியையும் இரண்டு முறை சொல்வது கவிஞர் செம்பரிதியின் வழக்கம். முதல் முறை சொல்லிவிட்டு வலது கையை உயர்த்துவார். கூட்டம் "மறுபடியும்!" என்று கேட்கும். அதே வரியை இன்னும் நிதானமாகச் சொல்வார். நாற்பது வருடப் பழக்கம். அவருடைய கவிதைகளில் பாதி மனைவி மரகதத்தைப் பற்றியவை. சொற்பொழிவுப் பயணத்தில் அந்தக் குளிர்தேசத்து நகரம் ஒன்பதாவது ஊர். திரைக்குப் பின்னால் நின்றிருந்தபோது ஊரிலிருந்து மைத்துனன் போனில் கூப்பிட்டான்.

"அத்தான், அக்கா போயிடுச்சு. காலையில காபி கேட்டு வாங்கிக் குடிச்சுது. நீங்க எப்ப வர்றீங்க?"

பதில் சொல்வதற்குள் மேடையில் அவர் பெயரை அறிவித்துவிட்டார்கள். விஷயத்தைச் சொல்லிவிட்டு உடனே கிளம்பிவிட வேண்டும் என்றுதான் மைக் முன்னால் போய் நின்றார். தமிழ்ச் சங்கச் செயலாளர் பொன்னாடை போர்த்திவிட்டு இறங்கினார்.

"என் மரகதம் இறந்துவிட்டாள்," என்றார் கவிஞர். வலது கை உயர்ந்திருந்ததை அவர் கவனிக்கவில்லை.

அரங்கம் அதிரக் கைதட்டியது. முன்வரிசைப் பெண் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆகா! மறுபடியும், ஐயா! மறுபடியும்!"

இது கவிதை இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"என் மரகதம் இறந்துவிட்டாள்."

இந்த முறை இன்னும் நிதானமாக வந்தது. குரலும் நன்றாக அமைந்தது. கூட்டம் மூச்சுவிடாமல் காத்திருந்தது. அவருக்கு அடுத்த வரி கிடைத்துவிட்டது.